கூரைக் கண்ணாடி

காரின் கூரைக் கண்ணாடி இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுபோகிறது. அந்த இடுக்கு வழியாக மாலை வெயில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும் அவள் மடியில் விழுகிறது. மெக்கானிக் கண்ணாடி ஓடும் தடத்தைத் துடைத்து கிரீஸ் தடவுகிறார். "இத்தனை வருஷமா எப்படிம்மா மூடினீங்க?" "சுவிட்சை அவர் அமுக்குவார், நான் கண்ணாடியைத் தள்ளுவேன். 'சீக்கிரம் தள்ளுடி, என் மொட்டைத் தலை நனையுது'ன்னு கத்துவார். நான் வேணும்னே மெதுவாத் தள்ளுவேன்." சிரிப்பு பாதியில் நிற்கிறது. "அவர் போனப்புறம் ஒத்தை ஆளா முடியல, தம்பி." "இனி சுவிட்சே போதும், அமுக்குங்க." அவள் ஒரு கையால் அமுக்க, மோட்டார் முனகுகிறது. மடியிலிருக்கும் வெளிச்சம் நூலாக மெலிகிறது. அவளுடைய இன்னொரு கை தானாக எழுந்து கண்ணாடியைத் தொடுகிறது. "கையை எடுங்கம்மா, அதுவே மூடிக்கும்." "இருப்பா, நானும் கொஞ்சம் தள்ளிக்கறேன்."