ஒழுகுது, மாத்திக் குடுங்க

"ஹில்டா வர்றா" என்று யாரோ சொன்னதும், கிரீன்வுட்டின் இரும்புக்கடை வரிசையில் நின்ற எங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சும்மாவா? முந்தின இரவுதான் டிவியில் அந்த நகைச்சுவைக் காட்சி வந்தது. ஒரு பொம்பளை குடையைக் கொண்டுவந்து கடைக்காரர் மேஜையில் போட்டு, "மழையில நனையுது, மாத்திக் குடு" என்று சட்டம் பேசுவாள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் எங்கள் சின்ன ஊர் முழுக்கப் பார்த்துவிட்டு ஒரே குரலில் சொன்னது: "இது நம்ம ஹில்டா ஓல்ட்ராய்டேதான்."

ஹில்டாவுக்கு அறுபது வயது, கணவர் போன பிறகு தனிக்கட்டை. மாதம் தவறாமல் எதையாவது திருப்பிக் கொடுக்க வந்துவிடுவாள்.

எங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. புது ஷூ கடித்தால்கூட எங்கள் காலைத்தான் நொந்துகொள்வோம். கடைக்காரர் விசாரித்தால், "அருமையா இருக்குங்க, ரொம்ப நன்றி" என்போம். குறை சொல்லி நாலு பேர் திரும்பிப் பார்ப்பதைவிட மானக்கேடு எங்களுக்கு வேறில்லை.

ஹில்டா உள்ளே வந்தாள். கையில் ஒரு எலெக்ட்ரிக் கெட்டில்.

"என்ன ஹில்டா, குடை நனைஞ்சுடுச்சா?" என்று டாரிஸ் ஆரம்பித்தாள். கடையே சிரித்தது. நானும்தான்.

ஹில்டா வரிசையில் நின்றாள். வேடிக்கை பார்க்க நாங்கள் வழிவிட்டதும் கெட்டிலை மேஜையில் வைத்தாள்.

"ஒழுகுது. மாத்திக் குடுங்க."

கிரீன்வுட் டிவி நடிகர் மாதிரியே இடுப்பை வளைத்துக் குனிந்தார். "தண்ணி ஊத்தினா ஒழுகுதா மகாராணி, இல்ல ஊத்தாமலேயா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த துடைப்பங்கள் சரிந்தன.

"ஊத்தினாத்தான். ஊத்தாமலே ஒழுகுறதும் உங்ககிட்ட இருக்கும், தேடிப் பாருங்க."

கிரீன்வுட்டின் முகம் மாறியது. "இதோ பாருங்க மிஸஸ் ஓல்ட்ராய்ட். போன மாசம் இஸ்திரிப் பெட்டி. அதுக்கு முன்ன அலாரம் கடிகாரம். ஒத்தை ஆளு வீட்டுல இத்தனை சாமான் எப்படிங்க கெட்டுப்போகும்? நீங்களே உடைச்சு எடுத்துட்டு வர்றீங்க."

சிரிப்பு நின்றது. திருடி என்று சொல்லாத குறைதான்.

"கெட்டில் ஒழுகுது" என்றாள் ஹில்டா.

"மாத்தித் தர்றேன். ஆனா இதோட சரி. இனிமே என் கடைப்படி ஏறக்கூடாது. ஹீட்டருக்கு மண்ணெண்ணெயும் கிடையாது. இல்லேன்னா இதை எடுத்துக்கிட்டுப் பேசாம வீட்டுக்குப் போங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அது டிசம்பர் மாதம். ஊரில் மண்ணெண்ணெய் விற்பவர் அவர் ஒருத்தர்தான். அவரை விட்டால் அடுத்த ஊருக்கு பஸ் பிடித்து, கேனைச் சுமந்துகொண்டு மேடேறி வரவேண்டும்.

ஹில்டாவின் பார்வை எங்கள் வரிசை மேல் ஒரு தடவை போய்வந்தது. டாரிஸ் ஆணி டப்பாக்களை ஆராய ஆரம்பித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ஹில்டா. "முழுக் காசு வாங்கிட்டு ஓட்டைக் கெட்டிலை வித்தது நீங்க. நான் எதுக்குப் பேசாமப் போகணும்? புதுசை எடுங்க. தண்ணி ஊத்திக் காட்டிட்டுக் குடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றிக் காட்டினார். ஒழுகவில்லை. ஹில்டா அதை நிதானமாகத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, நிமிர்ந்த தலையோடு வெளியே போனாள்.

"ஒழிஞ்சது சனியன்" என்றார் கிரீன்வுட். நாங்கள் பேருக்குச் சிரித்து வைத்தோம்.

மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். ரொட்டிக்கடை மூலையில் ஹில்டா நின்றிருந்தாள். போன மாதம் டாரிஸின் இஸ்திரிப் பெட்டியோடும், அதற்கு முன் பாதிரியாரின் கடிகாரத்தோடும் அவள் காத்து நின்ற அதே இடம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இந்தா மேவிஸ், உன் கெட்டில்" என்று பெட்டியை என் கையில் வைத்தாள். "நீ சிரிச்ச சிரிப்புல அவர் சொன்னது பாதி எனக்குக் கேக்கவே இல்ல."