படத்துக்குக் கீழே ஒரு வரி

"இவன் தோத்ததை எண்ண ஆரம்பிச்சா பொழுது விடிஞ்சிரும். இவன் படத்தை எதுக்குய்யா சுவத்துல மாட்டணும்?" என்றார் மிகால்ஸ்கி.

அமெரிக்காவின் டொலீடோவில் எங்கள் குத்துச்சண்டைக் கூடத்தின் சுவரில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பழைய ஆட்கள் கூடுவோம். பீரும் ஹாட் டாக்கும் வரும். அப்புறம் வாய்ச்சண்டை. ரிங்கில் போட்டதைவிட இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து போட்ட சண்டைதான் அதிகம்.

இந்த வருஷம் ஆர்வில் பெட்டவேயின் பெயர் வந்திருந்தது. ஹெவிவெயிட். சாம்பியன் பட்டத்தின் வாசனைகூட அவன் மேல் பட்டதில்லை. எந்த ஊரிலாவது ஒரு பையன் வளர்ந்து வந்தால், அவன் தேறுவானா என்று பார்க்க ஆர்வில்லைக் கூப்பிடுவார்கள். கடைசி நேரத்தில் போன் வரும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பையன் புள்ளிக்கணக்கில் ஜெயிப்பான். இவன் முகம் வீங்கி பஸ்ஸில் திரும்புவான். அதுதான் அவன் பிழைப்பு.

"தோத்தார், சரி. விழுந்தாரா?" என்றாள் டெல்லா. கூடத்தை இப்போது நடத்துகிறவள் அவள்தான். "பின்னாடி சாம்பியன் ஆனவனுங்களே இவரைப் போட்டுப் பொளந்திருக்கானுங்க. நின்ன இடத்துல நின்னார். படத்துக்குக் கீழே 'யாராலும் வீழ்த்த முடியாதவர்'னு எழுதப் போறேன்."

"என் பையனை மறந்துட்டியா?" மிகால்ஸ்கி மேஜையைத் தட்டினார். "கெவின் ஒரே குத்துல இவனைப் படுக்க வெச்சான். அவனைப் பெத்ததும் நானு, பயிற்சி குடுத்ததும் நானு. ரிங் மூலையில கூட நின்னதும் நானு. என்கிட்டயே கதை விடறியா?"

அந்த ஒரு தடவைதான் சிக்கல்.

எனக்கும் அது வருஷக்கணக்கான குடைச்சல். ஆர்வில்லுக்கு ரத்தம் துடைத்துவிடும் ஆள் நான். அன்றைக்கு ரிங்கில் அவன் பக்க மூலையில் இருந்தேன். கெவினின் குத்து அவன் தோளில் உரசியதைத்தான் பார்த்தேன். கொசு அடிக்கிற வேகம்கூட அதில் இல்லை. ஆர்வில் மடங்கி விழுந்தான். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டான் என்று ஊரே பேசியது. நான் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான்.

"அது வழுக்கி விழுந்தது," என்றாள் டெல்லா.

"வழுக்கலும் இல்ல, மண்ணும் இல்ல. அந்தக் குத்துதான் என் பையன் உயிரையே காப்பாத்துச்சு, தெரியுமா?" மிகால்ஸ்கியின் குரல் இறங்கியது. "அன்னிக்கே ஆஸ்பத்திரில மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க. இன்னும் ஒரு அடி வாங்கியிருந்தா பொணம்னு சொன்னார் டாக்டர். அதுக்குள்ள இவனை முடிச்சுட்டான் என் சிங்கம்."

கெவின் அதோடு சண்டையை விட்டுவிட்டான். இப்போது பேக்கரி வைத்திருக்கிறான், நல்ல வியாபாரம்.

டெல்லா ஆர்வில்லுக்கே போன் போட்டாள். அடுத்த தெருதான். சர்ச்சுக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், முழங்காலைத் தேய்த்தபடி வந்து நின்றான்.

"அங்கிள், வழுக்கித்தான் விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வரியை எழுதிடறேன்."

சுவரில் அவனுக்காக விட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் ஆர்வில். பட்டம் கிடையாது, பணம் கிடையாது, மூக்குகூட நேராகக் கிடையாது. அவன் வாழ்நாள் சம்பாத்தியமே அந்த ஒரு வரிதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு மிகால்ஸ்கியின் பக்கம் திரும்பினான்.

"வழுக்கல. கெவின்தான் அடிச்சான். அப்படி ஒரு குத்தை நான் வாங்கினதே இல்ல."

"கேட்டுக்கோங்க!" மிகால்ஸ்கி துள்ளி எழுந்தார். "தோத்தாலும் யோக்கியன்யா! படத்தைத் தாராளமா மாட்டுங்க. அந்த வரி மட்டும் வேணாம்."

படம் தேறியது, வரி போனது. வாசலில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பொய் சொல்ற. அது குத்தே இல்ல, நான் பாத்தேன். இன்னிக்காவது சொல்லித் தொலை."

மிகால்ஸ்கி உள்ளே பீர் ஊற்றிக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நான் விழுந்ததுக்கு முந்தின ரவுண்டுல என் குத்து ஒண்ணு பையன் காதுக்கு மேல விழுந்துச்சு, லூ. அப்புறம் அவன் கண்ணே சரியில்ல, எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியாத பார்வை. நடுவர்கிட்ட சொன்னேன். 'வாயை மூடிட்டு சண்டை போடு'ன்னார். துண்டை வீசி சண்டையை நிறுத்த வேண்டிய மனுஷன், அதைத் தோள்ல போட்டுக்கிட்டு 'அடிடா, அடிடா'ன்னு கத்திக்கிட்டிருந்தார்."

"மிகால்ஸ்கியா?"

"அவருக்கு இது தெரியவே வேணாம். தாங்க மாட்டார்."

"அதுக்காக நீ விழணுமா?"

"அவனை அடிச்சா செத்துருவான். அடிக்காம நின்னா சண்டை முடியாது. என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் நானும் நின்னேன்." ஆர்வில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "அப்பதான் பையன் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். என் காதுல மெதுவா கேட்டான், 'அப்பா, வீட்டுக்குப் போலாமா?'ன்னு."