கரை சேர்த்தவர்

கிரேக்கத் தீவின் துறைமுகத்தில், அகதிப் படகில் வந்து நனைந்து நடுங்கிய பர்வானாவிடம் கடலோரக் காவல் அதிகாரி ஸ்ட்ராடோஸ் தேநீரை நீட்டினார்.

"இந்தக் காத்துல எப்படிம்மா தப்பிச்சீங்க? படகை யாரு ஓட்டினது?"

மொழிபெயர்த்த ஹபீப், "தெரியாதுன்னு சொல்லிடு, தங்கச்சி" என்று முணுமுணுத்தார்.

"ஏண்ணே? காசு வாங்கி ஏத்திவிட்டவன் நடுக்கடல்ல வேற படகுல ஏறி ஓடிட்டான். எல்லாரும் அழுதாங்க. இவருதான் சுக்கானைப் பிடிச்சாரு. இல்லேன்னா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்!"

பெருமையாகக் கணவன் சல்மாயைக் கைகாட்டினாள்.

ஹபீப் அதை மொழிபெயர்க்கவில்லை. நீட்டிய விரலே ஸ்ட்ராடோஸுக்குப் போதுமாயிருந்தது. எழுந்து சல்மாயின் தோளைத் தட்டினார். பிறகு விலங்கை மாட்டினார்.

"அண்ணே, என்ன இது?"

"இங்க படகை ஓட்டினவன்தான் ஆள் கடத்தினவன்" என்றார் ஹபீப். "கரை சேர்ந்த ஒவ்வொரு தலைக்கும் பத்து வருஷம் ஜெயில், தங்கச்சி."