பேர் போடாத புகார்

"எழுதினவன் ஆம்பளையா இருந்தா என் முன்னாடி வந்து நிக்கச் சொல்லுங்க!"

டாக்சி டிரைவர் போட்ட சத்தத்தில் நகராட்சி உரிமப் பிரிவே திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களுக்கு ஓசியில் ஒரு வேடிக்கை.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா அசரவில்லை. "பேர் போடாத புகார்ங்க. உங்களுக்குக் கண் சரியாத் தெரியலையாம். உரிமம் புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி விசாரிச்சே ஆகணும்."

"இருபத்திரண்டு வருஷமா ஏர்போர்ட் ஸ்டாண்டுல முதல் வரிசைம்மா நான்! வண்டியில ஒரு கீறல் உண்டா? இதோ, என் சம்சாரம் பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. அவளையே கேளுங்க!"

மனைவி மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பை நிறைய வெள்ளை அட்டைகள். விமானத்தில் வந்து இறங்குகிறவர் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, டிரைவர்கள் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த அட்டைகள். அவருக்கு எழுதித் தருவது அவள்தான். எழுத்து பயணி பக்கம் இருக்கும், அவருக்குத் தெரிவது அட்டையின் முதுகு மட்டும்.

"சும்மா பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி இருக்காதே. சொல்லேன்!"

அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எவன் எழுதியிருப்பான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? 'மீசை' என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த டிரைவர்தான். ஸ்டாண்டில் இடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் பட்டியலில் முதல் ஆள் அவன். முப்பது நாள் சேர்ந்தாற்போல் வண்டி எடுக்காவிட்டால் இடம் அடுத்தவனுக்கு என்று நகராட்சி விதி. அந்த முப்பது நாளுக்காக மூன்று வருஷமாகக் கொக்கு மாதிரி நிற்கிறான்.

கண் டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். ரெண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் பண்ணணும், ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

"மீசை வண்டி என் இடத்துல நிக்கிறதைப் பார்க்கவா டாக்டர் எனக்குக் கண்ணு?" என்று எழுந்து வந்தவர்தான். அப்புறம் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை.

"சரி, சுவர்ல இருக்கிற கண் சார்ட்டைப் படிங்க," என்றார் அதிகாரியம்மா.

டிரைவர் சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். மேலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். ஒரு எழுத்து தப்பவில்லை. வரிசையில் ஒரே கைதட்டல், ஒருத்தன் விசில்கூட அடித்தான்.

கைதட்டினவர்களுக்கும் விஷயம் தெரியும். அந்த சார்ட்டை மாட்டின நாளிலிருந்து மாற்றியதே இல்லை. ஸ்டாண்டில் எல்லாருக்கும் அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். முதல் வரிக்குக் கீழே அவர் கண்ணில் பட்டதெல்லாம் வெறும் பஞ்சு.

அதிகாரியம்மா முத்திரையைக் கையில் எடுத்தார். அத்தோடு விட்டிருந்தால் டிரைவர் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"அந்தப் புகாரைக் காட்டுங்கம்மா. ஸ்டாண்டுல எல்லார் எழுத்தும் எனக்கு அத்துப்படி. எவன்னு இங்கேயே சொல்றேன்."

"கையில தர முடியாது. அங்கிருந்தே பாருங்க."

ஃபைலுக்குள் இருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

டிரைவர் கண்ணைச் சுருக்கினார், விரித்தார், தலையைச் சாய்த்தார்.

"நான் சொல்லல? மீசையோட கோணல் எழுத்து! கோர்ட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்!"

அட்டையில் இருந்ததோ கோணல் இல்லாத கொட்டை எழுத்து. விசில் அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிகாரியம்மா முத்திரையைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் குத்தினார். "உரிமம் நிறுத்திவைப்பு. கண் சர்டிபிகேட்டோட வாங்க."

"ஐயோ, போச்சு! என் இடம் மீசைக்குப் போச்சு!"

"போகாது. நீங்களா லீவு போட்டாத்தான் முப்பது நாள் கணக்கு. புகார் வந்து நாங்க நிறுத்தி வெச்சா, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அந்த இடத்தை ஒருத்தனும் தொட முடியாது. புகார் எழுதினவங்க போன மாசம் வந்து அந்த விதியை என்னை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் போனாங்க."

 டிரைவர் கவுண்டர் மேல் சாய்ந்து, அதிகாரியம்மா கையில் இருந்த அட்டையை மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

'அவருக்குக் கண் தெரியலை. போன வாரம் ரோட்டுல கை காட்டின என்னையே உரசிட்டுப் போனார். வண்டியைப் பிடிச்சு வையுங்க. இடத்தை விட்டுடாதீங்க.'

மெதுவாகத் திரும்பினார். பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றாள். இப்போது தரையைப் பார்க்கவில்லை.

"நீயா?" வீம்பு இன்னும் விடவில்லை. "எழுதினதுதான் எழுதினே, பேரைப் போட வேண்டியதுதானே? என்ன பயம்?"

"பயமா? எனக்கா? தினமும் நீங்க நெஞ்சுல பிடிக்கிற அதே எழுத்துலதான் எழுதினேன். 'இது என் பொண்டாட்டி எழுத்து'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கொடுத்தது பொய்ப் புகார்னு இங்கேயே எழுதிக் கொடுத்திருப்பேன்."