நின்ற வண்டி குடித்த எண்ணெய்

“உங்கட காருக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி. பிளக்கைக் கழட்டிப் பாத்தன், கரி பிடிக்கேல்லை. புகை இல்லை. கீழை ஒரு சொட்டு ஒழுகேல்லை” என்று கையைத் துடைத்துக்கொண்டார் மெக்கானிக் கந்தையா.

அரபு முதலாளி வீட்டு டிரைவர் முகம்மது சித்தீக்குக்கு, பட்டறைகள் நிறைந்த முசஃபாவே தலைகீழாகச் சுற்றியது. காரில் கோளாறு என்றால் அவன் பிழைத்தான். கார் நன்றாக இருக்கிறது என்றால் அவன் திருடன் என்றல்லவா ஆகிறது!

“என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? போன மாசம் மட்டும் மூணு டின் ஆயில் ஊத்தியிருக்கேன். முதலாளி அர்பாப் மீட்டரைப் பாத்துட்டு, ‘கார் ஓடவே இல்லை, ஆயில் மட்டும் எங்கே போச்சு? நீதான் விக்கிறே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள்ள திருடனைக் காட்டு, இல்லேன்னா கலாஸ், ஊருக்குப் போ’ன்னுட்டாரு. அஸ்மத் விசாப் பேப்பர்ல அவரு இன்னும் கையெழுத்துப் போடலைண்ணே.”

அஸ்மத் பீவி அவன் மனைவி. கல்யாண மருதாணி சிவப்பு மங்குமுன் அவளைக் கீழக்கரையில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன், மூன்று வருஷமாகக் கனவில்தான் குடித்தனம் நடத்துகிறான்.

கந்தையா பானெட்டை இறக்கி மூடினார். “பெற்றோல் எப்பிடி?”

“அதுவும் இறங்கத்தான் செய்யுது. இந்த ஊர்ல பெட்ரோலை யாருண்ணே பாக்குறா? தண்ணியை விட மலிவு.”

“அங்கைதான் பிழை விட்டிட்டீங்கள். ஒயிலும் போகுது, பெற்றோலும் போகுது, மீற்றர் மட்டும் ஏறேல்லை. அப்ப, கார் நிண்ட இடத்திலையே ஓடுது. நிண்டாலும் எஞ்சின் ஓடினா ஒயிலைக் குடிக்கும்தானே. ஆரோ ஏசியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கா உள்ளுக்கை இருக்கினம்.”

சித்தீக் கணக்குப் போட்டுப் பார்த்தான். கார்ச் சாவி மாட்டியிருப்பது அர்பாப் வீட்டுச் சமையலறை ஆணியில். அங்கே சமைக்கிறவள் வள்ளிநாயகி, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பிள்ளைகள் பேசி அனுப்புகிற கேசட்டைப் போட்டுக் கேட்க அவளிடம் டேப் இல்லை. காரில் இருக்கிறது.

அன்று மத்தியானம் சோறு தின்றதும் வழக்கம்போல் வீடே அடங்கிப்போனது. மதிலும் பேரீச்ச மரங்களும் வெயிலில் நெளிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மிதந்தன. சித்தீக்கும் தன் அறை ஏசியின் இரைச்சலுக்குள் படுத்து, அஸ்மத்தைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் உலாவுகிற நேரம்தான் அது. கண் சொக்கியது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

வள்ளிநாயகி பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, மத்தியானத்துல காரை ஸ்டார்ட் பண்றது யாரு?”

பிளாஸ்க் மூடி கைநழுவி உருண்டது. “எனக்குத் தெரியாதுண்ணே.”

“பொய் சொல்லாதே. என்னைத் திருடன்கிறாங்க.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்னைக் கேக்காதீங்கண்ணே. வாயத் தொறந்தா என் வேல போயிரும். புள்ளைங்க என்னை நம்பித்தான் இருக்குதுங்க.”

இதைவிட வேறென்ன ஒப்புதல் வேண்டும்? அர்பாப்பிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அஸ்மத் வந்துவிடுவாள். அதே சொல்லில் இவள் போய்விடுவாள். பிள்ளைகளின் குரலைக் கேட்க ஒரு தாய் ரகசியமாகக் காரில் ஏறி உட்காருவதும் ஒரு திருட்டா? அஸ்மத் இன்னும் கொஞ்ச காலம் கனவிலேயே வரட்டும்.

“சரி, அழாதே. ஆயிலை நான்தான் வித்தேன்னு சொல்லிடறேன்.”

“ஐயோ, நீங்க ஏண்ணே...” என்று அவள் பதறும்போதே, வெளியே எஞ்சின் மெல்ல உறுமி, சீராக முனகத் தொடங்கியது.

சித்தீக் அவளைப் பார்த்தான். அவள் அவன் எதிரிலேதான் நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே ஓடினான். தகரப் பந்தலின் கீழே கார் மெதுவாக அதிர்ந்துகொண்டு நின்றது. வியர்த்திருந்த கண்ணாடியைத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். பின் சீட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் திருடனைக் காட்டச் சொன்ன அர்பாப்.

“சரக்குத் தோணியை ஓட்டுற நகுதாவா இருந்த மனுசனாம்ணே” என்று பின்னாலேயே பிளாஸ்க்கோடு வந்த வள்ளிநாயகி கிசுகிசுத்தாள். “எஞ்சினுக்கு மேல பலகை போட்டுப் படுத்தே பழகிட்டாராம். இந்தப் பங்களாவுக்கு வந்ததுலருந்து தூக்கமே புடிக்கலயாம். வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. நிக்கிற காருக்கு என்ன செலவுன்னு அவருக்கு நெனப்பு.”

சித்தீக் மெல்லக் கதவைத் திறந்தான். கண்ணைத் திறக்காமலே அர்பாப் அவன் கையைப் பற்றிக்கொண்டு, குழந்தைபோல் முனகினார்:

“எஞ்சினை நிறுத்தாதே... கரை வந்ததும் எழுப்பு.”