பச்சை முகம்

நாள் முழுக்க அத்தனை பேர் சாப்பிடும் இடத்தில் நின்றுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் படுக்கப் போயிருக்கிறீர்களா?

அவன் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். வேதக்கண் வரும்வரை.

குர்கானில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் கேன்டீன். அவனுக்கு மேஜை துடைக்கும் வேலை. வேதக்கண்ணுக்குத் தோசைக் கல். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

நாற்காலிகள் சாப்பிட வருகிறவர்களுக்கு. எல்லோரும் போனபின், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே இருவரும் சாப்பிடுவார்கள். வேதக்கண் பேசுவான். அவன் கேட்பான்.

அதுதான் அவனுக்குச் சாப்பாடு.

திங்கட்கிழமை காலை, மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார். இந்த வாரம் எந்த கவுண்டரில் சிவப்பு அதிகமோ, அந்த ஆளுக்கு வேலை இல்லை.

ஒவ்வொரு கவுண்டரின் ஓரத்திலும் ஒரு சின்னத் திரை. பச்சையில் சிரிக்கும் முகம். சிவப்பில் முறைக்கும் முகம். சாப்பிட்டவர்கள் போகிற போக்கில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

தோசைக்குச் சிவப்புதான் விழுந்துகொண்டிருந்தது.

தோசையில் குறை இல்லை. வரிசை நீளம். கல் ஒன்று. இன்னொரு கல் கேட்டதற்கு, கையை வேகமாக ஆட்டு என்றார் மேனேஜர்.

"ஏல மக்கா, மாவு வேவ வேண்டாமா? இவனுவளுக்கு லிஃப்ட் மாதிரி பொத்தான அமுக்குனா தோச வரணும்."

வேதக்கண் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஒவ்வொரு தோசையைத் திருப்பும்போதும் திரையைப் பார்த்துக்கொண்டான்.

அவன் மேஜையைத் துடைத்தான்.

திரையைத் துடைப்பதும் அவன் வேலைதான்.

ஈரத் துணி பச்சை முகத்தின் மேல் போனது. திரையில் நன்றி என்று வந்து மறைந்தது.

திரும்பவும் துடைத்தான்.

யாரும் பார்க்கவில்லை. துடைக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வாரம் முழுக்க, அழுக்கே படாத திரையைத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியக் கூட்டம் வடிந்ததும் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். தோசை கவுண்டருக்குத்தான் முதலிடம் என்றார். கைதட்டச் சொன்னார்.

அவன்தான் பலமாகத் தட்டினான்.

மேனேஜர் இன்னும் முடிக்கவில்லை.

கவுகாத்தியில் புது கேன்டீன் திறக்கிறார்களாம். இப்படிப்பட்ட ஆள்தான் அங்கே வேண்டுமாம். சாயங்காலமே ரயில்.

மற்றவர்கள் மறுபடி தட்டினார்கள்.

இருவரும் தங்கியிருந்த அறையில் வேதக்கண் துணிகளைப் பைக்குள் திணித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம கைப்பக்குவம் இந்த டெல்லிக்காரனுவளுக்கும் புடிச்சிட்டு, பாத்தியால? அங்க போயி ஒனக்கும் ஒரு எடம் சொல்லுதேன். மேச தொடைக்க ஆளு வேண்டாமா?"

அவன் வாயைத் திறந்தான்.

வேதக்கண் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை.

"சட்ட ஒண்ணு கொடியில கெடக்கு," என்றான். "மறந்துராத."

மறுநாள் காலை, வேதக்கண்ணின் கட்டிலுக்கு ஒடிசாவிலிருந்து ஒருவர் வந்தார். தன் பெயரைச் சொன்னார். அவனும் தன் பெயரைச் சொன்னான். பிறகு இருவரும் வேலைக்குப் போனார்கள்.