கூட்டாமல் குறைக்காமல்

"தூக்கு இல்லக்கா! தூக்கு இல்ல!"

நீதிமன்ற வராந்தாவில் வெல்டரின் மனைவி மொழிபெயர்ப்பாளர் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்த்தவர்கள் விடுதலை என்றே நினைத்திருப்பார்கள். விடுதலையாவது ஒன்றாவது, அவள் புருஷனை வெளிநாட்டுக்காரர்களிடம் ஒப்படைக்கத்தான் போகிறார்கள்.

நாலு வருஷம் அந்த நாட்டுக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். ஊர் திரும்பிய மறு வருஷம், அங்கே கொலையான சூப்பர்வைசர் வழக்கில் இவன்தான் குற்றவாளி என்று அந்த நாடு ஆளைக் கேட்டு எழுதியது. சாட்சி ஒரே ஒருவன். அவனுக்கும் இவனுக்கும் பட்டறையில் எப்போதுமே ஆகாது.

வக்கீல் தலைகீழாக நின்று பார்த்தார், எடுபடவில்லை. இரு நாட்டு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவுதான் கை கொடுத்தது: உயிருக்கு உறுதி கேட்டு வாங்கிய பிறகே ஆளை ஒப்படைக்கலாம்.

"தூக்கு தண்டனை கொடுக்க மாட்டோம்னு அவங்க எழுதித் தரட்டும், ஐயா!" என்று அவர் முழங்க, நீதிபதியும் அப்படியே உத்தரவு போட்டார். அதை அவர்கள் மொழியில் பெயர்த்து அனுப்பியது அம்மா.

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அம்மா ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. வக்கீல் தும்மினால் அதையும் பெயர்த்துவிடுவார் என்று கேலி செய்வார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

மாசக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, மூன்றாம் நாளே முத்திரையோடு பதில் வந்துவிட்டது. தூக்கிலிட மாட்டோம்.

"மேல்முறையீடு பண்ணிப் பாக்கலாம். இல்லேன்னா போக சம்மதம்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம். போட்டுட்டா திரும்ப வாங்க முடியாது," என்றார் வக்கீல்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற வெல்டர் அம்மாவைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கக்கா. நம்பலாமா?"

யாரும் சொல்லாததைத் தானாகச் சொல்லி அம்மாவுக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை.

"அரசாங்க முத்திரை குத்தியிருக்குப்பா. தைரியமா போ."

அவன் கையெழுத்துப் போட்டான்.

விமான நிலையத்தில் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். விலங்கு மாட்டிய கைகளை மனைவி விடவே இல்லை.

"பதினஞ்சு வருஷம் ஆனாலும் நான் இருப்பேங்க. உசுரோட வந்து சேருங்க, அது போதும்."

"பாப்பாவுக்கு இப்ப ஆறு. அவ கல்யாணத்துக்குள்ள வந்துடுவேன். அதுக்குள்ள எவனாவது பொண்ணு கேட்டு வந்தா, அப்பா வெளியூர்ல இருக்காருன்னு சொல்லி வை," என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

விமானம் கிளம்பிப் போய்விட்டது. ஒப்படைப்பு ரசீதில் கையெழுத்து வாங்க, அந்த நாட்டுத் தூதரக அதிகாரி மட்டும் போகாமல் இருந்தார். நல்ல மனிதர், அழுதுகொண்டிருந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அம்மாவிடம் தன் மொழியில் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"என்னக்கா கேக்குறாரு?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி.

அம்மா வழக்கம்போலச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். "'எங்ககிட்ட இல்லாத ஒண்ணைச் செய்ய மாட்டோம்னு எதுக்கு எழுதி வாங்குனீங்க?'ங்கறாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்கே அது காதில் விழுந்தது. சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"இல்லாததா?"

அதிகாரி ரசீது ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார்.

"எங்க நாட்டுல தூக்கே கிடையாதும்மா. சுடுறதுதான்."